ஓரவஞ்சனை

எங்கள் ஆய்வகத் தாழ்வாரத்தில் அந்தப் போஸ்டர் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. மாநாடு முடிந்து வந்ததும் யாரோ எடுத்து மாட்டியது. மேல் பாதியில் ஒரு பெரிய படம்: கறுப்புப் பின்னணியில் பச்சைப் பச்சையாய், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள், நட்டநடுவில் ஒன்று மட்டும் ஜொலிக்கிறது, அதன் வயிற்றுக்குள் சிவப்புக் குச்சிகளாய்க் காசநோய்க் கிருமிகள். விருந்தாளி யார் வந்தாலும் அதன் முன்னால் ஒரு நிமிடம் நிற்பார்கள். ஒருவர் கைபேசியில் படம்கூட எடுத்துக்கொண்டு போனார். நான் மட்டும் அந்த இடம் வந்ததும் கையிலிருக்கும் எதையோ பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடுவேன். படத்தில் நான் எந்தத் திருட்டுத்தனமும் செய்யவில்லை. கேமரா கண்டதைத்தான் போட்டிருக்கிறேன். உறுத்துவது படத்துக்குக் கீழே இருக்கும் ஒற்றை வாக்கியம்: தொற்று ஏறிய செல்லில் இந்தப் புரதம் மற்ற செல்களைவிட 18 சதவீதம் அதிகம்.

அந்தப் பதினெட்டு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. எழுதவேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டதில் மேலும் ஒரு வருடம் போய்விட்டது.

நான் வேலூர்ப் பக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. காசநோயில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஊர் ஏன் முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை. இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் டுகேலா ஃபெர்ரி என்ற சிற்றூரில், முக்கிய மருந்துகள் பலவற்றுக்கும் மசியாத காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்துபோனார்கள் என்று 2006-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். நானும் அதில் ஒருத்தி. கிருமி உள்ளே புகுந்த செல் என்ன செய்கிறது, புகாத செல் என்ன செய்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. கிருமிக்குச் சிவப்பு, நான் தேடும் புரதத்துக்கு, அதில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் பச்சை நிற ஆன்டிபாடி, நாற்பது மடங்கு லென்ஸ். பச்சை எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு புரதம் என்று கணக்கு.

இப்படிச் சேர்ந்த படங்கள் இருநூறுக்கு மேல். எல்லாவற்றிலும் தொற்று ஏறிய செல்தான் பளிச்சென்று இருந்தது. வித்தியாசம் தற்செயலாக இருக்க வாய்ப்பே இல்லை என்று புள்ளியியலும் சொல்லியது. நான் கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கழித்தாயா, வகுத்தாயா

எங்கள் மைக்ரோஸ்கோப் அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணா இந்த ஊர்க்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர். ஆங்கிலம்தான் சரளம், நடுநடுவே யேபோ என்று ஜூலுவில் தலையாட்டுவார், ஆனால் என்னோடு தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதம். அவர் தமிழ் எங்கள் ஊர்ப் பாட்டிகளின் தமிழ். உட்கார் என்று சொல்ல மாட்டார், குந்து என்பார். 2023 தொடக்கத்தில் தைப்பூசக் காவடிக்கு விரதமிருந்து லீவு முடித்து வந்திருந்தார். நான் கணினியில் படங்களை வரிசையாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பத்துப் பதினைந்து படம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "தங்கச்சி, நோய் புடிச்சது எல்லாப் படத்துலயும் நடுவுலயே குந்திக்கினு இருக்கே, அதுவா வந்து குந்துச்சா?"

அதுவாக வந்து உட்காரவில்லை. நான்தான் உட்கார வைத்தேன். தொற்று ஏறிய செல்கள் நூற்றுக்குப் பத்துகூட இருக்காது, சிவப்பு எங்கே தெரிகிறது என்று ஸ்லைடு முழுக்கத் தேட வேண்டும். கிடைத்ததும் ஜாய்ஸ்டிக்கை நகர்த்தி அதை நடுவுக்குக் கொண்டுவந்து பொத்தானை அழுத்துவேன். யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கமில்லை. கல்யாண வீட்டில் படம் எடுக்கிறவர் மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஓரத்தில் நிறுத்துவாரா?

அவர் எங்கே வருகிறார் என்று எனக்கு உடனே புரிந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. இப்படிச் சாயத்தை ஒளிரவிட்டு எடுக்கும் ஃப்ளோரசன்ஸ் படத்தில் நடு பிரகாசமாகவும் ஓரம் மங்கலாகவும் இருக்கும் என்பது இந்தத் துறையில் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும் விஷயம். விளக்கிலிருந்து வரும் ஒளி பார்வைப்பரப்பு முழுவதும் ஒரே அளவில் விழுவதில்லை, திரும்பி வரும் ஒளியையும் லென்ஸ் ஓரத்தில் முழுதாக அள்ளுவதில்லை. அதற்குத்தான் நான் பின்னணித் திருத்தம் செய்திருந்தேனே. ஃபிஜி என்ற பட மென்பொருளில் ஒரு பொத்தான், பின்னணி முழுவதும் சமமாய்க் கறுத்துவிடும். அதைச் சொன்னேன். அண்ணா சிரித்துவிட்டு, "கழிச்சியா, வகுத்தியா?" என்றார்.

கழித்திருந்தேன். இந்த ஒரு சொல்லில்தான் என் ஏழு வாரமும் போனது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரே அளவு புரதம் உள்ள இரண்டு செல்கள், ஒன்று நடுவில், ஒன்று மூலையில் என்று வையுங்கள். நடுவில் உள்ளது 1000 அலகு ஒளிர்கிறது. மூலையில் வெளிச்சம் 55 சதவீதம்தான் என்றால் அங்கே உள்ளது 550. கேமரா இருட்டில்கூடச் சும்மா 100 என்று காட்டும், அது அதன் பிறவிக் குணம். ஆக, படத்தில் 1100, 650. பின்னணியைக் கழித்தால் 1000, 550. செல்களைச் சுற்றியுள்ள இடமெல்லாம் பூஜ்யமாகி, படம் கண்ணுக்கு அத்தனை சுத்தமாக, சமமாக இருக்கும். செல்களோ அப்படியே ஒன்றுக்கு ஒன்று பாதியாகத்தான் நிற்கும். வெளிச்சக் குறை என்பது பெருக்கல் கணக்கு, அதை வகுத்துத்தான் எடுக்க முடியும். முதலில் 100-ஐக் கழித்து, அப்புறம் அந்தந்த இடத்தின் வெளிச்ச விகிதத்தால் வகுக்க வேண்டும்: 1000-ஐ 1 ஆல், 550-ஐ 0.55 ஆல். இரண்டும் 1000. அந்த 100-ஐக் கழிக்க மறந்துவிட்டு நேராக வகுத்தால் கூத்து: நடு 1100, மூலை 1182. மங்கலாக இருந்த மூலை இப்போது நடுவை முந்திக்கொண்டு நிற்கும். இதையும் நான் ஒருமுறை செய்திருக்கிறேன்.

பின்னணி சமமாக இருந்ததால் படமே சமமாகிவிட்டது என்று நம்பியிருந்தேன். சரி, அப்படியானால் எங்கள் கருவியில் மூலையில் வெளிச்சம் எவ்வளவு? எனக்குத் தெரியாது. மூன்று வருடமாக அந்தக் கருவியில் வேலை செய்கிறேன், தெரியாது.

பணியாரச் சட்டி

அன்று இரவு டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எட்டு மணிக்கு லோட் ஷெட்டிங், முறைவைத்த மின்வெட்டு. ஆறாம் கட்டம் நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. எந்த நேரத்தில் கரண்ட் போகும் என்று கைபேசியில் பார்த்து வைத்துக்கொண்டுதான் அரிசியையே ஊறப்போடுவோம். நான் குடியிருப்பது ஓர் ஆயா வீட்டு மாடியில். எண்பது வயது. பிள்ளைகள் ஜோஹன்னஸ்பர்க்கில். மின்சாரம் போனால் கீழே வந்துவிடு என்பது எங்களுக்குள் ஏற்பாடு, அவரிடம் ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு உண்டு. நான் ஊரிலிருந்து வரும்போது அம்மா பெட்டியில் திணித்துவிட்ட ஏழு குழி இரும்புப் பணியாரச் சட்டியை ஆயா தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டிருந்தார். டார்ச்சை நான் பிடித்துக்கொள்ள, ஒரே கரண்டியால் ஏழு குழியிலும் மாவு ஊற்றினார். நடுக்குழி ஒரு நிமிடத்தில் சிவந்து கருகத் தொடங்கியது. சுற்றி இருந்த ஆறில் நான்கு வெளுத்துக் கிடந்தன, கைப்பிடிப் பக்கம் இருந்த இரண்டு பச்சை மாவாகவே இருந்தன. நடுப் பணியாரத்தை ஊசியால் குத்தி எடுத்துக்கொண்டே ஆயா சொன்னார்: "மாவு ஒண்ணுதான், அடுப்புதான் ஓரவஞ்சனை பண்ணுது."

சாப்பிட்டுக்கொண்டே அந்தச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பைப் பற்றி ஆயா அறிந்துகொண்டது எப்படி? ஒரே மாவு, ஒரே அளவு, ஏழு இடத்தில். அதற்கப்புறம் நிறத்தில் தெரியும் வித்தியாசம் முழுக்க அடுப்பினுடையது. மைக்ரோஸ்கோப்புக்கு அளவுப் பாசிகள், ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் ஒளிரும் நுண்ணிய உருண்டைகள், விற்கிறார்களே, அவை இந்த மாவுதான். பீட்ஸ் என்றுதான் ஆய்வகத்தில் சொல்வோம். ஆயாவிடம் விளக்கியபோது, "பாசிமணியா?" என்றார், அதிலிருந்து எனக்கும் பாசிதான்.

அண்ணாவின் குளிர்ப்பெட்டியில் டெட்ராஸ்பெக் என்ற பாசிக் குப்பி ஒன்று இருந்தது. நான்கு மைக்ரான் பாலிஸ்டைரீன் உருண்டைகள், ஒவ்வொன்றிலும் நீலம், பச்சை, ஆரஞ்சு, அடர்சிவப்பு என்று நான்கு சாயம் ஊறியிருக்கும். ஒரே மருந்துக் கலவையில் பிறந்ததால் ஒன்றுக்கொன்று பிரகாசத்தில் அதிகம் விலகாது. அதை எடுக்குமுன் சுலபமான வழி ஒன்றையும் பார்த்துவிட்டேன்: ஒளிரும் பிளாஸ்டிக் ஸ்லைடு. மேடையில் வைத்து ஒரு படம் எடுத்தால் போதும், வெளிச்ச வரைபடம் தயார். மூலையில் 70 சதவீதம் காட்டியது. பரவாயில்லையே என்று மனசு கொஞ்சம் ஆறுதல்பட்டது. அண்ணா உதட்டைப் பிதுக்கினார். பிளாஸ்டிக் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். ஃபோகஸுக்கு மேலும் கீழும் உள்ள ஒளியெல்லாம் கலந்து பரவி வந்து ஓரத்துப் பள்ளத்தை நிரப்பிவிடும். என் செல்லோ சில மைக்ரான் தடிமன்தான், ஃபோகஸ் தளத்திலேயே கிடக்கிறது. அளவுகோலும் அதே மாதிரி மெல்லியதாக, அதே தளத்தில் இருக்க வேண்டும். பாசி அப்படி இருக்கும்.

பாசி தூவுவது கோலமாவு தூவுவதுபோல் என்று நினைத்தேன். முதல் ஸ்லைடில் எல்லாம் கொத்துக் கொத்தாய், உப்புமாவில் ரவை கட்டி தட்டியதுபோல். குப்பியை நன்றாகக் குலுக்கி, மீயொலித் தொட்டியில் சில நிமிடம் வைத்ததும் கட்டி உடைந்தது. இரண்டாவது ஸ்லைடில் துளி காயும்போது பாசிகளெல்லாம் விளிம்புக்கு ஓடிவிட்டன, டபராவுக்கு அடியில் காபி வட்டம் காய்வதுபோல ஒரு வளையம், நடுவில் ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை பாசி ஒட்டிக்கொள்ள பாலிலைசின் பூசிய கண்ணாடியில் துளியை வைத்து, ஈர டிஷ்யூ போட்ட மூடிய தட்டுக்குள் அரை மணி நேரம் காயாமல் வைத்து, பாசிகள் தாமாக இறங்கி ஒட்டிய பிறகு நீரை வடித்தேன். கறுப்பு வானத்தில் நட்சத்திரம்போல் தனித்தனியாய் விழுந்தன. விளக்கை மூடி, அதே எக்ஸ்போஷரில் ஐம்பது இருட்டுப் படம் எடுத்துச் சராசரி போட்டேன், கேமராவின் அந்த 100-ஐக் கழிக்க. அப்புறம் மேடையை நகர்த்தி நகர்த்தி அறுபது இடம், இடத்துக்குச் சுமார் நாற்பது பாசி. எந்தப் பாசியும் நடுவில் வரவேண்டும் என்று நான் கையை வைக்கவில்லை.

மொத்தம் இரண்டாயிரத்து நானூறு. ஒட்டிப் பிறந்த இரட்டைகளை அளவு பார்த்துத் தள்ளிவிட்டு, மீதியில் ஒவ்வொன்றின் முழு ஒளியையும் கூட்டினேன். உச்சப் பிக்சலை மட்டும் எடுத்திருந்தால் தப்பாகியிருக்கும். ஓரத்தில் லென்ஸின் ஃபோகஸ் கொஞ்சம் வளைவதால் அங்கே பாசி லேசாகப் பரந்து தெரியும், உச்சம் குறையும், மொத்தம் ஏறக்குறைய மாறாது. படத்தை எட்டுக்கு எட்டு என்று அறுபத்து நான்கு கட்டமாகப் பிரித்தால் கட்டத்துக்கு முப்பத்தைந்துக்கு மேல் பாசி. ஒரு தனிப் பாசி சராசரியிலிருந்து பத்து சதவீதம் விலகினாலும், அத்தனையைச் சேர்த்துப் பார்க்கும்போது பிழை இரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அந்த அறுபத்து நான்கு எண்கள்மேல் ஒரு வழவழப்பான இருபடிப் பரப்பைப் போர்த்தினேன். உச்சியை ஒன்று என்று வைத்தால் மூலைகள் 0.55.

பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். வெளிச்சம் நடுவிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்துகொண்டே போய் மூலையில் 45 சதவீதம் குறைகிறது என்றால், சதுரம் முழுவதும் சராசரியாக அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 15 சதவீதம் குறைகிறது. நடுவில் ஒரு செல், மற்றதெல்லாம் படம் முழுக்கச் சிதறி. நடுச் செல்லுக்கு 1, மற்றவர்களுக்குச் சராசரி 0.85. ஒன்றை 0.85 ஆல் வகுத்தால் 1.18.

பதினெட்டு சதவீதம். நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். காசநோய்க் கிருமி ஒரு துளியும் தேவையில்லை. எந்த ஸ்லைடிலும், எந்தச் செல்லை நடுவில் வைத்தாலும் அது பக்கத்து வீட்டுக்காரர்களைவிட 18 சதவீதம் அதிகம் காட்டியிருக்கும். இருநூறு படங்களையும் பாசி வரைபடத்தால் வகுத்தபோது மிஞ்சியது இரண்டு சதவீதம், அதுவும் பிழைக்கோட்டுக்குள். புள்ளியியல் பொய் சொல்லவில்லை. வித்தியாசம் உண்மையிலேயே தற்செயல் இல்லை.

படத்திலிருந்தே திருத்தினால் என்ன

இதைச் சொன்னதும் இளையவர்கள் கேட்பது ஒன்றுண்டு: பாசியெல்லாம் எதற்கு, பேசிக் இருக்கிறதே? 2017-இல் வந்த நல்ல மென்பொருள். அதற்கு முன்னால் 2015-இல் சைடர் என்று ஒன்று. நிறையப் படங்களைக் கொடுத்தால், எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் மங்கலைத் தானே கண்டுபிடித்து எடுத்துவிடும். நானும் பயன்படுத்துகிறேன், பழைய படங்களுக்கு, பாசி எடுக்காமல் விட்டவற்றுக்கு வேறு கதியில்லை. ஆனால் அதற்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: போதுமான படங்களைச் சேர்த்துப் பார்த்தால் படத்தின் எந்த இடத்திலும் சராசரியாக ஒரே மாதிரி சரக்குதான் இருக்கும் என்று. என் படங்களில் அது உடைகிறது. தொற்று ஏறிய செல் எப்போதும் நடுவில். ஒருவேளை அதில் நிஜமாகவே புரதம் அதிகமாக இருந்திருந்தால், அந்த மென்பொருள் அதையும் விளக்கின் குணம் என்று நினைத்துத் துடைத்துப் போட்டிருக்கும். பெரிதாக்கிக் காட்டும் பிழை போய்ச் சிறிதாக்கிக் காட்டும் பிழை வந்திருக்கும். என் செல்களைப் பற்றி ஒன்றும் தெரியாத மூன்றாம் மனிதர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். பாசிக்கு என் ஆராய்ச்சி பற்றி அக்கறையே கிடையாது.

பாசியும் ஒருமுறை எடுத்து வைத்துவிட்டால் தீர்ந்தது என்று இருக்க முடியாது. அந்த வருடம் ஜூனில் சர்வீஸ்காரர் வந்து ஒளிக்குழாயைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனார். நான் மார்ச் மாத வரைபடத்தையே போட்டு வகுத்துக்கொண்டிருந்தேன். இடது பக்கச் செல்களெல்லாம் ஏன் கொழுக்கிறது என்று நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டபின்தான், உச்சி நடுவிலிருந்து இடதுபக்கம் நகர்ந்திருப்பது தெரிந்தது. பச்சைக்கு ஒரு வரைபடம், சிவப்புக்கு வேறு வரைபடம், லென்ஸ் மாற்றினால் இன்னொன்று. அப்புறம், வகுத்ததால் மூலை முழுக்கச் சரியாகிவிடுவதுமில்லை. அங்கே வந்த ஒளியே பாதிதான். எண்ணைப் பெருக்கிச் சமமாக்கலாம், அதோடு இரைச்சலும், அதாவது எண்களின் தற்செயல் தடுமாற்றமும், பெருகும். கடைசி மூலைகளை நான் இப்போது கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

கட்டுரை வெளிவரவில்லை, வரைவோடு நின்றது. என் வழிகாட்டியிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு அவருடைய பழைய மாணவர்களின் படங்களையும் பார்க்கச் சொன்னார். அதில் என்ன இருந்தது என்பது என் கதையில்லை. இப்போது படம் எடுக்கும் இடங்களைக் கணினியே தேர்ந்தெடுக்கிறது, கட்டம் கட்டமாக. தொற்று ஏறிய செல் சில சமயம் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். பார்க்கும்போது கை தானாக ஜாய்ஸ்டிக்கைத் தேடும்.

போஸ்டரை எடுத்துவிடலாம் என்று அண்ணாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். "இருக்கட்டும் தங்கச்சி, படம் நல்லாத்தானே இருக்குது" என்கிறார். கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை. போன மாதம் புதிதாகச் சேர்ந்த மாணவி மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புத் தெரிந்ததும் அவள் கை நகர்ந்தது, செல் வழுக்கிக்கொண்டு வந்து நட்டநடுவில் நின்றது. "அதுவா வந்து குந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன், தமிழில். அவள் ஜூலு பேசும் பெண். ஒன்றும் புரியாமல் திரும்பிப் பார்த்தாள். இழுப்பறையைத் திறந்து பாசி ஸ்லைடை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.